டயரில் வீக்கம் இருந்தால் ஊருக்குப் போகலாமா?

பெங்களூரு அடுகோடியில் மழை பெய்த மறுநாள் காலை பஞ்சர் கடைக்குப் போனால் வரிசையில்தான் நிற்க வேண்டும். டெய்ரி சர்க்கிளிலிருந்து ஓசூர் சாலையில் வரும்போது, பழைய ஆட்கள் இன்னும் மைக்கோ என்றே சொல்லும் பாஷ் வளாகத்தைத் தாண்டும் வரை, தேங்கிய தண்ணீருக்கு அடியில் இருப்பது தரையா பள்ளமா என்பது சக்கரம் இறங்கிய பிறகுதான் தெரியும். கன்னடத்தில் பள்ளத்துக்குக் 'குண்டி' என்று பெயர். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஒரு டயர் போன பிறகு சிரிக்க மாட்டார்கள்.

எனக்குப் போனது ஒரு தீபாவளிக்கு நாலு நாள் முன்னால். இரவு பத்து மணி, மழை, 'டம்' என்று ஒரு சத்தம். வண்டி ஓடியது, காற்றும் இறங்கவில்லை. காலையில் பார்த்தால் முன்பக்க இடது டயரின் பக்கவாட்டில், பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு வீக்கம். குடும்பத்தோடு சேலம் போக வேண்டும். முதல் கடைக்காரர் "நாலையும் மாத்திடுங்க சார்" என்றார். இரண்டாவது கடைக்காரர் "ஒண்ணும் ஆகாது, ஆறு மாசம் தாராளமா ஓடும்" என்றார். இருவர் சொன்னதும் தப்பு. ஏன் தப்பு என்று தெரிந்துகொண்டால், இப்படிப்பட்ட இருவருக்கு நடுவில் நீங்கள் விழித்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

முதலில் ஒரு கேள்வி. டயரில் காற்றைக் கட்டிப் பிடித்து வைத்திருப்பது எது? ரப்பர் என்றுதான் நாம் நினைக்கிறோம். கறுப்பாகக் கண்ணில் படுவது அதுதானே. ஆனால் ரப்பருக்கு அந்தப் பலம் கிடையாது. கார் டயரில் 33 பி.எஸ்.ஐ. காற்று (ஒரு சதுர அங்குலத்துக்கு 33 பவுண்டு அழுத்தம்) இருந்தால், ஒரு தபால் தலை அளவு இடத்தின் மேல் சுமார் 15 கிலோ உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருக்கிறது என்று பொருள். வெறும் ரப்பராக இருந்தால் பலூன் போல ஊதி வெடித்துவிடும்.

அதைப் பிடித்து வைத்திருப்பது நூல். ரப்பருக்கு உள்ளே, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை, பாலியெஸ்டர் நூல்கள் பாய் பின்னியது போல நெருக்கமாக ஓடுகின்றன. தரையைத் தொடும் பகுதியில் அவற்றின் மேல் மெல்லிய எஃகுக் கம்பிப் பட்டைகளும் உண்டு. பக்கச்சுவரில் (டயரின் பெயரும் எண்களும் அச்சாகியிருக்கும் பக்கவாட்டுப் பகுதி) பெரும்பாலான கார் டயர்களில் அந்தக் கம்பிப் பட்டை கிடையாது. அங்கே இருப்பது ஒன்று அல்லது இரண்டு அடுக்கு நூல், அதன் மேல் சில மில்லிமீட்டர் ரப்பர், அவ்வளவுதான்.

எனவே அடிபட்ட டயரைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நூலுக்கு அடி பட்டதா? ரப்பருக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் பிழைக்கும். நூலுக்கு என்றால் பிழைக்காது. டயர்க்காரர்கள் "நூல் தெரியுது", "கம்பி வெளிய வந்துடுச்சு" என்று சொல்வதெல்லாம் இதைத்தான்.

இப்போது என் எலுமிச்சம்பழத்துக்கு வருவோம். பள்ளத்தின் ஓரத்தில் சக்கரம் மோதும்போது, அந்த ஓரத்துக்கும் ரிம்முக்கும் (டயர் உட்கார்ந்திருக்கும் இரும்பு அல்லது அலாய் வளையம்) இடையில் பக்கச்சுவர் நசுங்குகிறது. பாக்குவெட்டியில் வைத்த பாக்கு மாதிரி. ரப்பர் வளைந்து கொடுத்துத் தப்பிவிடும். இழுபட்டு நிற்கும் நூல் சட்டென்று அறுந்துவிடும். நூல் அறுந்த இடத்தில் காற்றைத் தடுக்க ரப்பர் மட்டுமே மிஞ்சுவதால், அது வெளியே பிதுங்குகிறது. அந்தப் பிதுக்கம்தான் வீக்கம். கடைகளில் 'பல்ஜ்' என்பார்கள்.

இதை ஒட்டுப் போட்டுச் சரிசெய்ய முடியாதா? முடியாது. அறுந்த நூலை மறுபடி முடிச்சுப் போட வழியில்லை. உள்ளே பேட்ச் ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டு நகருங்கள். பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை மடங்கி நிமிர்கிறது. ஒரு கிலோமீட்டர் போனால் ஏறக்குறைய ஐந்நூறு முறை. எந்த ஒட்டும் அதற்கு நிற்காது.

"ஆனால் வீக்கத்தோடு மாசக்கணக்கில் ஓட்டியவர்களை எனக்குத் தெரியுமே" என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் தெரியும். அவர்கள் ஓட்டியது எங்கே என்று பாருங்கள். அடுகோடி சிக்னலிலிருந்து கோரமங்களாவுக்கும், அங்கிருந்து சில்க் போர்டுக்கும், காலை ஒன்பது மணிக்கு, மணிக்கு 15 கிலோமீட்டர் ஊர்வலத்தில். அந்த வேகத்தில் டயர் அவ்வளவாகச் சூடாவதில்லை. அதே கார் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் ஏறி, அத்திப்பள்ளி தாண்டி, கிருஷ்ணகிரி வரை 90, 100 என்று விடாமல் போகும்போது கதை வேறு. பின்சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறைய பட்டாசு, பலகாரம், மாமியாருக்கு வாங்கிய மிக்சி. பாரம் ஏற ஏறப் பக்கச்சுவர் அதிகமாக மடங்கும், மடங்க மடங்கச் சூடு ஏறும். சூட்டில் மிச்சம் இருக்கிற நூலும் ரப்பரைவிட்டுப் பிரியத் தொடங்கும். தொப்பூர் இறக்கத்தில் முன்சக்கரம் வெடித்தால் என்ன ஆகும் என்று அந்தப் பாதையில் போனவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே வீங்கிய டயருக்குத் தீர்ப்பு ஒன்றுதான்: மாற்ற வேண்டும். வழியில் கண்டுபிடித்தால் ஸ்டெப்னியைப் போட்டுக்கொண்டு, நிதானமாக அடுத்த கடை வரை போங்கள். (ஸ்டெப்னி என்ற பெயர் வேல்ஸில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. அந்தத் தெருவில் கடை வைத்திருந்த சகோதரர்கள்தான் 1904வாக்கில் மாற்றுச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கினார்கள். தெருப் பெயரை அங்கே பலர் மறந்திருக்கலாம், நம் மெக்கானிக்குகள் மறக்கவில்லை.) வீங்கிய டயரைக் கழற்றி அதையே ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளும் பழக்கம் ஒன்று இருக்கிறது. வேண்டாம். ஆபத்து நேரத்தில் எடுப்பதற்குத்தானே ஸ்டெப்னி?

ஒரு விதிவிலக்கு. பக்கச்சுவரில் வெளியே பிதுங்காமல், உள்ளே லேசாக அமுங்கியது போல மேலிருந்து கீழாக ஒரு கோடு தெரியலாம். அது டயர் செய்யும்போது நூல் அடுக்கின் இரு முனைகளை ஒன்றன் மேல் ஒன்று வைத்து இணைத்த இடம். அங்கே நூல் இரட்டிப்பு. பயப்பட வேண்டியதில்லை. விரலால் தடவுங்கள்: மேடாக இருந்தால் ஆபத்து, பள்ளமாக இருந்தால் பிறவி மச்சம்.

வெட்டுக்காயம் என்றால்? நடைபாதைக் கல்லில் உரசியோ, சாலை ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி கிழித்தோ வருவது. இதில்தான் பலரும் தேவையில்லாமல் காசு செலவழிக்கிறார்கள், அல்லது தேவையான இடத்தில் செலவழிக்காமல் விடுகிறார்கள். காரை நிறுத்தி, டார்ச் அடித்து, வெட்டின் இரு உதடுகளையும் கட்டைவிரலால் மெதுவாக விலக்கிப் பாருங்கள். உள்ளே வெறும் கறுப்பு மட்டும் தெரிந்தால் ரப்பர்க் காயம். வெள்ளையாகவோ மங்கலான பழுப்பாகவோ இழை இழையாகத் தெரிந்தால் அது நூல், டயர் முடிந்தது. நூல் வெளியே தெரிந்தால் மழைத் தண்ணீரும் மண்ணும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

ரப்பர்க் காயம்தான் என்று முடிவு செய்தால், வெட்டின் இரு முனைகளிலும் வெள்ளைப் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு வாரம் கழித்து வெட்டு புள்ளியைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். தாண்டினால் கடைக்குப் போங்கள். சில டயர்களில் ரிம்மை ஒட்டி ஒரு தடித்த ரப்பர் வரம்பு ஓடும், அதில் பிய்ந்து போவது சாதாரணம். ரிம்மைக் காப்பாற்றத்தான் அந்த வரம்பே இருக்கிறது.

ஆணி குத்தினால் டயரை மாற்ற வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். பெங்களூருக்காரர்களுக்கு ஆணி புதிதல்ல. சில வருடங்களுக்கு முன் வெளிவட்டச் சாலையில் ஒரு மென்பொருள் பொறியாளர் அலுவலகம் போகிற வழியில் காந்தம் வைத்து ஆணி பொறுக்கி, கிலோ கணக்கில் சேர்த்துக் காட்டியது பத்திரிகைகளில் வந்தது. இவ்வளவு ஆணி தானாக விழுமா என்ற சந்தேகம் ஊருக்கே இருந்தது.

ஆணியைப் பார்த்ததும் பிடுங்காதீர்கள். டியூப்லெஸ் டயரில் (உள்ளே தனி டியூப் இல்லாத டயர்) ஆணியே அடைப்பாக இருந்து காற்றைப் பிடித்து வைத்திருக்கும். சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டு, அப்படியே மெதுவாகக் கடைக்குக் கொண்டு போங்கள். தரையைத் தொடும் பகுதியின் நடுவே, ஓட்டை 6 மி.மீ.க்கு உள்ளே இருந்தால் அடைக்கலாம். அங்கே கம்பிப் பட்டை இருக்கிறது, மடங்கல் குறைவு, ஒட்டு நிற்கும். டயரின் தோளிலோ (தரைப்பகுதி முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் வளைவு) பக்கச்சுவரிலோ குத்தியிருந்தால் எவ்வளவு சின்ன ஆணியாக இருந்தாலும் அடைக்கக் கூடாது.

கடையில் இரண்டு விதமாக அடைப்பார்கள். டயரைக் கழற்றாமலே வெளியிலிருந்து கயிறு போன்ற பசைத் திரியைக் குத்திச் செருகுவது ஒன்று. ஐந்து நிமிட வேலை, அவசரத்துக்கு நல்லது. டயரைக் கழற்றி உள்ளிருந்து காளான் வடிவ ரப்பரை ஒட்டுவது இன்னொன்று, 'மஷ்ரூம் பேட்ச்' என்பார்கள். ஊருக்குப் போகிற வண்டிக்கு இரண்டாவதைக் கேளுங்கள். செலவு கூடத்தான். ஆனால் டயரைக் கழற்றினால்தான் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று பார்க்க முடியும்.

உள்ளே என்ன பார்ப்பது? காற்று இல்லாமலே ஓட்டினீர்களா என்பதை. மடிவாளாவில் இறங்கிய காற்றைக் கவனிக்காமல் வீடு வரை வந்துவிடுகிறோம் அல்லவா? அந்த இரண்டு மூன்று கிலோமீட்டரில் காரின் மொத்தப் பாரமும் ஏறி, பக்கச்சுவர் மடிந்து, உட்புறம் அரைபட்டிருக்கும். டயரைக் கழற்றிக் குலுக்கினால் மிளகுத்தூள் மாதிரி கறுப்புப் பொடி கொட்டும். உட்புறச் சுவரில் வட்டமாகச் சுருக்கக் கோடுகள் தெரியும். இந்தப் பொடியைப் பார்த்தால் வெளியே டயர் புத்தம் புதிதாக இருந்தாலும் கழித்துவிட வேண்டியதுதான். பஞ்சர் போட்டது ஒரு ஆணிக்காக, டயர் போனது நிறுத்தாமல் ஓட்டியதால்.

சரி, அடியே படாமல் தேய்ந்து போகிற டயரை எப்போது மாற்றுவது? டயரின் பள்ளங்கள் மழைத் தண்ணீரை வெளியேற்றத்தான். வறண்ட சாலையில் மொட்டை டயரும் ஓடும். ஈரத்தில்தான் வழுக்கும். புது டயரில் பள்ளம் ஏழெட்டு மி.மீ. ஆழம் இருக்கும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ன் 94ஆம் விதிப்படி காருக்கு 1.6 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. ஸ்கூட்டர், பைக், ஆட்டோவுக்கு 0.8 மி.மீ. நூல் வெளியே தெரிகிற டயரும், வீங்கிய டயரும் நல்ல நிலையில் இல்லாதவை என்பதும் அதே விதியில் இருக்கிறது. ஆகவே "ஆறு மாசம் ஓடும்" என்ற அந்தக் கடைக்காரர் தந்தது சட்டத்துக்கும் புறம்பான ஆலோசனை.

1.6 மி.மீ.யை எதை வைத்து அளப்பது? டயரே அளந்து காட்டும். டயரின் தோளில் சின்ன முக்கோணம் அல்லது 'டி.டபிள்யூ.ஐ.' என்ற மூன்று எழுத்துகள் (தேய்மான அடையாளம் என்பதன் சுருக்கம்) இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் பாருங்கள், குறுக்கே ஒரு சின்ன ரப்பர் மேடு தெரியும். சுற்றுப்புற ரப்பர் தேய்ந்து அந்த மேட்டின் உயரத்துக்கு வந்துவிட்டால் கதை முடிந்தது.

என் கருத்தைக் கேட்டால், அதுவரை காத்திருக்காதீர்கள். இந்த ஊரில் மே மாதம் இடிமழையில் தொடங்கி அக்டோபர் தாண்டியும் மழை இருக்கிறது. பள்ளம் 3 மி.மீ.க்கு வந்ததும் புது டயருக்குப் பணம் ஒதுக்கத் தொடங்குங்கள். பள்ளத்தின் ஆழத்தை அளக்கச் சின்னக் கருவி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, ஜே.சி. ரோட்டில் உதிரிபாகக் கடைகளில் கேட்டால் தருவார்கள்.

எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்பதும் ஒரு செய்தி. இரு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால், காற்றுக் குறைவாக ஓட்டுகிறீர்கள். நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட் (சக்கரங்கள் நேராக நிற்கும் கோணம்) கெட்டிருக்கிறது. பள்ளத்தில் விழுந்த காரில் இதுதான் சகஜம். காரணத்தைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே மாதிரி தேயும். இன்னொன்று, உள்பக்க ஓரத்தை யாரும் பார்ப்பதில்லை. ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி நிறுத்தினால் முன்சக்கரத்தின் உள்பக்கம் தெரியும். வெளிப்பக்கம் பளபளவென்று இருக்க, உள்ளே கம்பி தெரிகிற டயர்களை நான் பார்த்திருக்கிறேன்.

"என் கார் வாரத்துக்கு ஒரு நாள்தான் எடுக்கிறேன், டயர் தேயவே இல்லை." இப்படிச் சொல்கிறவர்கள்தான் அதிகம் கவனிக்க வேண்டும். ரப்பர் ஓடாமல் இருந்தாலும் வயதாகும். வெயிலும் காற்றும் அதை இறுக வைத்து, பக்கச்சுவரில் தலைமுடி போல நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். மொட்டை மாடியில் காயப்போட்ட ரப்பர் வளையத்தை இழுத்துப் பார்த்திருக்கிறீர்களா? அதுதான்.

வயதைத் தெரிந்துகொள்வது சுலபம். பக்கச்சுவரில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும் என்பதால் வெளியே காணவில்லை என்றால் உள்பக்கம் பாருங்கள். ஐந்து வருடம் ஆன டயரை வருடத்துக்கு ஒரு முறை விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள், பத்து வருடம் ஆனால் எப்படி இருந்தாலும் கழற்றிவிடுங்கள் என்கிறது மிஷெலின் நிறுவனம். கார் நிறுவனங்களில் சில ஆறு வருடத்திலேயே மாற்றச் சொல்கின்றன. நம் வெயிலுக்கு ஆறு, ஏழு என்பதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்டெப்னிக்கும் இது பொருந்தும். ஏழு வருடமாக டிக்கியில் தூங்கிய டயர் புதுசு இல்லை.

வயது அவ்வளவு முக்கியமா? 2012இல் இங்கிலாந்தில் இசை விழாவிலிருந்து திரும்பிய ஒரு சுற்றுலாப் பேருந்தின் முன் டயர் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். அந்த டயருக்கு வயது 19. அத்தனை பழைய டயரை ஓட்டுவது அன்றைக்கு அங்கே சட்டப்படி குற்றமே இல்லை. இறந்த இளைஞர் ஒருவரின் தாய் வருடக்கணக்கில் போராடியதன் பிறகு, 2021 பிப்ரவரியில்தான் பேருந்து, லாரிகளின் முன்சக்கரத்தில் பத்து வருடம் தாண்டிய டயர்களுக்குத் தடை வந்தது.

இப்போது பணத்துக்கு வருவோம். ஒரு டயர் போனால் நாலையும் மாற்ற வேண்டுமா? வேண்டாம். மற்றவை ஓரளவு புதிதாக இருந்தால், ஒன்றை மட்டும் அதே கம்பெனி, அதே அளவு, அதே ரகத்தில் வாங்கிப் போடலாம். மற்றவை பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் இரண்டாக வாங்குங்கள். ஒரே அச்சில் இடது வலது சக்கரங்கள் ஜோடியாக இருக்க வேண்டும். நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போகும் வண்டிகளுக்கு மட்டும் நாலும் ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருப்பது அவசியம்.

அந்த இரண்டு புது டயரை எங்கே போடுவது? முன்னால் என்று கடைக்காரரும் சொல்வார், உங்கள் மனதும் சொல்லும். பின்னால் போடுங்கள். ஈரச் சாலையில் முன்சக்கரம் வழுக்கினால் ஸ்டீயரிங் லேசானது போல் உங்களுக்குத் தெரியும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் கார் பம்பரமாகச் சுற்றும், பழக்கப்பட்ட ஓட்டுநருக்கும் நிறுத்துவது கஷ்டம்.

அளவு என்றேனே, அது பக்கச்சுவரில் 185/65 ஆர்15 88எச் என்ற மாதிரி இருக்கும். 185 என்பது அகலம், மி.மீ.யில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை. கடைசி இரண்டும் பழையதைவிடக் குறையக் கூடாது. இந்த 65ஐக் கவனியுங்கள். இந்த டயரில் பக்கச்சுவர் சுமார் 12 செ.மீ. உயரம். ஸ்டைலுக்காகப் பெரிய அலாய் மாட்டி 215/45க்கு மாறினால் பத்து செ.மீ.கூட இருக்காது. பள்ளம் அதே பள்ளம்தான், நசுங்க இடம் குறைந்துவிட்டது. பெங்களூருச் சாலைக்கு அந்த ஸ்டைல் ஒத்துவராது என்பது என் அபிப்பிராயம்.

இன்ஷூரன்ஸ் கொடுக்குமா? சாதாரண முழுக் காப்பீட்டில், டயர் மட்டும் சேதமானால் பைசா கிடையாது. அதே விபத்தில் காரும் சேதமாகியிருந்தால் டயர் விலையில் பாதி வரை கிடைக்கும். டயருக்கென்று தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்திருந்தால் மட்டுமே பள்ளத்து வீக்கத்துக்குப் பணம் கேட்கலாம். பாலிசியை எடுத்து ஒரு முறை பாருங்கள். டயர் கம்பெனி வாரண்டியும் தயாரிப்புக் குறைக்குத்தான், மோதலால் வந்த வீக்கத்தை அவர்கள் பொதுவாக ஏற்பதில்லை. சில கம்பெனிகள் சில ரகங்களுக்குச் சாலைச் சேதத்தையும் சேர்த்து வாரண்டி தருகின்றன. வாங்கும்போதே கேட்டு, பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய கார்களில் சிலவற்றில் ஸ்டெப்னியே இல்லை. டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும், பஞ்சர் ஒட்டும் பெட்டியும் இருந்தால் ஸ்டெப்னி வேண்டாம் என்று 2020இல் விதி திருத்தப்பட்டது. உங்கள் கார் அப்படியென்றால் ஒன்று நினைவிருக்கட்டும்: பஞ்சர் பெட்டி ஆணிக்கு உதவும், வீக்கத்துக்கும் கிழிசலுக்கும் உதவாது. காற்றழுத்தக் கருவியும் வீக்கத்தைக் காட்டாது, ஏனென்றால் காற்று குறையவே இல்லையே. ஊருக்குக் கிளம்பும் முன் நீங்களே குனிந்து பார்த்தால்தான் உண்டு.

குனிவது ஐந்து நிமிடம். காற்று எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் எழுதியிருக்கிறது, பாரம் ஏற்றினால் எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கும். கார் ஓடுவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது பிடியுங்கள். காற்றுக் குறைந்த டயர்தான் பள்ளத்தில் முதலில் நசுங்குகிறது. நைட்ரஜன் போடலாமா என்று கேட்பார்கள். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான், உங்கள் விருப்பம்.

செகண்ட் ஹேண்ட் டயர் வாங்கலாமா? எனக்குத் துணிச்சல் இல்லை. தேய்ந்த டயரில் சூட்டுக் கத்தியால் புதுப் பள்ளம் வெட்டி, கறுப்புப் பாலிஷ் அடித்து வைத்தால் பார்க்க ஜோராக இருக்கும். நான் சொன்ன அந்தச் சின்ன மேட்டைத் தேடுங்கள். பள்ளத்துக்குள் எங்குமே மேடு இல்லையென்றால் அது கத்தி போட்ட டயர். வெட்டினது நூலுக்கும் கம்பிக்கும் எவ்வளவு பக்கத்தில் என்று யாருக்கும் தெரியாது.

கழற்றிய பழைய டயரைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவதில் இந்தச் சிக்கல்தான். என் டயரை மாற்றியவர் மூன்றாவது கடைக்காரர், அடுகோடியில் ரொம்ப நாளாக பஞ்சர் போடுகிறவர், தருமபுரிப் பக்கம். இரண்டு புதிது வாங்கச் சொன்னவரும், பின்னால் போட்டவரும் அவர்தான். "அண்ணா, இதை யாருக்கும் வித்துடாதீங்க" என்றேன். "உங்க கண்ணு முன்னாடியே வெட்டிடறேன் சார்" என்று கத்தியில் தண்ணீர் தொட்டு, வீங்கின இடத்திலேயே போட்டார். ரப்பர் வாய் பிளந்தது. உள்ளே வெள்ளை நூல்கள் வரிசையாக நின்றன, நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் இல்லை. அந்த இடத்தில் இரு பக்கமும் பஞ்சு பிரிந்த நுனிகள். கத்தி அவற்றைத் தொடவே இல்லை.